பாரியின் தேரும் பட்டாக்காரரின் கொடியும்

முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இல்லை. நாமும் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். அண்மையில் அவிநாசியில் நடந்த ஒரு சிறு இலக்கியக் கூட்டத்தில், நல்லாற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் அயற்கொடிகளையும் புதர்களையும் வேரோடு களைய வேண்டும், அவை தனியார் பட்டா நிலத்தில் நின்றாலும் களைய வேண்டும் என்று பேசினோம். உடனே அன்பர் ஒருவர் எழுந்தார். “கொடிக்குத் தேரைக் கொடுத்த மரபில் வந்த தமிழாசிரியரா கொடியை வெட்டச் சொல்வது?” என்றார். அரங்கில் பலத்த கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்கான மறுப்புதான் இக்கட்டுரை. கேள்வி கேட்டவர் நம் நண்பர். அவர்மீது நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அக்கேள்வியின் பின்னே ஒரு சோம்பல் இருக்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் இயற்கை, இயற்கையாக இருப்பதெல்லாம் நன்மை என்று கருதும் சோம்பல் அது. அந்தச் சோம்பலுக்கு இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பதை நாம் ஏற்கவியலாது.

பாரி தேர் கொடுத்தது முல்லைக்கு. பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தவித்த, அந்த மண்ணுக்கே உரிய கொடி அது. பாரியின் நண்பரான கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார். நம் ஆற்றங்கரையை இன்று மூடி நிற்கும் அமெரிக்கச் செடிகளுள் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் இயலாது. இவற்றுக்குத் தேர் தேவையில்லை. தேரை நிறுத்தினால் தேரையும் மூடிவிட்டு அடுத்த தோப்புக்குப் போய்விடும்.

* * *

முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். நல்லாறு ஒரு பெரிய நதியன்று. கொங்கு வழக்கில் பள்ளம் என்று சொல்லத்தக்க, மழைக்காலத்தில் மட்டும் ஆறாகிற ஓடை. அவிநாசிப் பகுதியிலிருந்து திருமுருகன்பூண்டி வழியே இறங்கி, திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளத்தை நிரப்பி, பின் நொய்யலில் சேர்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, இறைவனின் பூதகணங்கள் வேட்டுவர் வேடத்தில் வழிமறித்துப் பறித்ததாகச் சொல்லப்படும் தலம் இந்த ஆற்றங்கரையில் உள்ள திருமுருகன்பூண்டிதான்.

நஞ்சராயன் குளம் சாதாரணக் குளம் அன்று. 2022இல் தமிழகத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 125 எக்டேர் பரப்பு. உலகமே மதிக்கத்தக்க ஈரநிலம் என்று பெயர் வாங்கிவிட்டோம். ஆனால் அந்தக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையின் கரை யாருடையது? ஒருபுறம் புறம்போக்கு, மறுபுறம் பட்டா. பல இடங்களில் இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை அளந்து பார்த்தவர் இல்லை. சரணாலயத்துக்கு வனத்துறை உண்டு. சரணாலயத்தின் தொண்டைக்குழிக்கு யாரும் இல்லை.

அதே 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்பகுதி மக்கள் கேட்டுப் போராடிய திட்டம். 1,916 கோடி ரூபாய்ச் செலவில், பவானியின் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யைக் குழாய்வழி ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து நீரை மேலேற்றுகிறோம். ஏற்றிய நீர் போய்ச் சேரும் குட்டையின் கரையையும் வாய்க்காலையும் காட்டாமணக்குக்கு விட்டுக்கொடுத்தால், கோடிகளைக் கொட்டி நாம் வளர்ப்பது வெள்ளாமையா, களையா?

* * *

இனிச் செடிகளைப் பார்ப்போம். எதிரியை அறியாமல் போர் தொடுப்பதில் பயனில்லை.

முதலாவது, நெய்வேலிக் காட்டாமணக்கு. காட்டாமணக்கு என்று பெயரேயொழிய ஆமணக்குக்கு உறவில்லை. தாளிக் கொடிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் உறவு. புனல் வடிவில் இளஞ்சிவப்புப் பூவைக் கண்டாலே குடும்பம் தெரிந்துவிடும். நிலத்தில் நிமிர்ந்து நிற்கும். நீரோரத்தில் கொடிபோல் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் எல்லாம் வேர்விட்டு ஓடையின் நடுவுக்கு நகரும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்டது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. வறட்சியில் வேறு வழியின்றித் தின்னும் ஆடுகள் நடுக்கம் கண்டு நலிந்து போகும். இதன் வலிமை விதையில் இல்லை, தண்டில் இருக்கிறது. ஒடிந்த ஒரு துண்டு ஈரமண்ணில் விழுந்தால் போதும், அது ஒரு செடி.

இரண்டாவது, ஐந்து விரல் விரித்தாற்போல் பிளந்த இலையும் ஊதாப் பூவும் உடைய கொடி. தாவரவியலார் ஐபோமியா கைரிகா என்பர். கெய்ரோ நகரின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலத்தில் ரயில் கொடி என்று அழைக்கிறார்கள். அழகானதுதான். கரையோரப் புங்கமரத்தின் மேல் ஏறி, உச்சியை மூடி, வெளிச்சத்தைப் பறித்து, மரத்தை நின்ற இடத்திலேயே பட்டுப்போகச் செய்யும் அழகு. இதுவும் தண்டிலிருந்து தழைக்கும்.

மூன்றாவது, சிறுபூனைக்காலி. சிறு வயதில் இட்டேரியில் இதன் பழத்தைப் பறித்துத் தின்னாதவர் இவ்வூரில் குறைவு. அதனால் நம் நாட்டுக் கொடி என்றே எண்ணியிருப்பர். இதுவும் அமெரிக்காதான். நாலாவது, எல்லோரும் அறிந்த சீமைக்கருவேலம். கொடி அன்று, ஆனால் இந்தக் கொடிகளுக்கெல்லாம் பந்தலாக நிற்பது. 1877 அளவில் கடப்பைப் பகுதியில், விறகுக்கும் வறட்சிக்கும் ஆகும் என்று அன்றைய சென்னை மாகாண வனத்துறை விதைத்தது.

இவற்றுக்கு எதிராக நம் பழைய வேலியில் இருந்தவை எவை? கிளுவை, பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான், முசுட்டை, சீந்தில். ஒவ்வொன்றும் ஒரு மருந்து, அல்லது ஒரு குழம்பு. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப்புல்லும் இன்னும் மாடுகளைக் காப்பாற்றி வருகின்றன. அவையும் தனியார் நிலங்களே என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். தனியுடைமை நிலத்தைக் கெடுத்தே தீரும் என்பது நம் வாதம் அன்று.

* * *

இவ்வளவு பேசும் நாம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஓடைக்கரையில் எம் குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. அதன் கீழ்க்கரையில் காட்டாமணக்கை நட்டவர் எம் தந்தையார். எண்பதுகளில் ஒருநாள் கட்டாகக் கொண்டுவந்து, “ஆடு கடிக்காது, தண்ணி ஊத்த வேண்டியதில்லை, இதைவிட வேலி வேணுமா?” என்று சொல்லி நட்டது நன்றாக நினைவிருக்கிறது. குச்சிகளை எடுத்துக் கொடுத்த சிறுவன் நாம். அவர் தீயவர் அல்லர், அறியாதவரும் அல்லர். அன்று கிடைத்த மலிவான வேலியை வைத்தார். இன்று எங்கள் கரைக்குக் கீழே அரைக்கல் தொலைவுக்கு அந்தச் செடி நிற்கிறது. அதில் எத்தனை எங்கள் வேலியின் பிள்ளைகள் என்பதை யார் கணக்கிடுவது?

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு கரையின் ஒரு பகுதியைச் சுத்தம் செய்தோம். ஏழு நாள் முகாம். பிள்ளைகள் கை கிழிய வேலை செய்தார்கள். நடுவில் ஒரு தோட்டம் வந்தது. தோட்டத்துக்காரர் வேலியருகே வந்து நின்று, கோபமின்றியே கேட்டார்: “ஏனுங்க சார், எங்க பட்டாவுல நிக்கிற செடியப் புடுங்கறதுக்கு நீங்க யாருங்க? உங்க காட்டுல நிக்கறத மொதல்ல புடுங்கிப்போட்டு வாங்க.” நம்மிடம் விடை இல்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் தோட்டத்தைச் சுற்றிப் போய் அப்பால் தொடர்ந்தோம். அடுத்த ஐப்பசி மழையில் அவர் கரையிலிருந்து ஒடிந்த தண்டுகள் மிதந்துவந்து, நாம் சுத்தம் செய்த மணலில் வேர்விட்டன. மறு ஆண்டு அங்கே முகாம் நடந்ததன் சுவடே இல்லை.

அந்தக் கோடையில் முதல் வேலையாக எம் நிலத்துக் காட்டாமணக்கைக் களைந்தோம். இரண்டு கோடை ஆயிற்று முடிக்க. அதன் பின்னரே இதைப் பேசும் தகுதி வந்தது என்று கருதுகிறோம்.

“என் பட்டா, என் விருப்பம்” என்ற அந்த ஒற்றை வாக்கியம்தான் நல்லாற்றை மூடி நிற்பது. அத்தோட்டத்துக்காரரின் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் உரிமைக்கு எல்லை வகுக்கும் சர்வே கல் செடிக்குத் தெரியாது; வெள்ளத்துக்கும் தெரியாது. தன் தோட்டத்துச் சாக்கடையை அண்டை வயலில் விட உரிமை இல்லை என்பதை எல்லோரும் ஒப்புவர். தன் தோட்டத்துக் களையை ஓடை வழியே பத்துக் கல் கீழே அனுப்ப மட்டும் உரிமை எங்கிருந்து வந்தது?

* * *

இந்தச் சிக்கல் கொங்குநாட்டுக்குப் புதியதன்று. நம் தாத்தாக்கள் சப்பாத்திக்கள்ளியோடு போராடியவர்கள். மேய்ச்சல் நிலம், வண்டித்தடம், கோயில் நிலம் என்று எதையும் விடாமல் அது மண்டிய காலம் உண்டு. அதுவும் அமெரிக்கச் செடியே. வெட்டினார்கள், எரித்தார்கள், புதைத்தார்கள். வெட்டிய மடல் விழுந்த இடத்தில் முளைத்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் வகைப் பூச்சி ஒன்று தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது சப்பாத்திச் சாற்றை மட்டுமே உண்டு வாழ்வது. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் ஏக்கர் கள்ளி வாடி மண்ணாயிற்று. உயிர்வழிக் களைக்கட்டுப்பாட்டு வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி அது.

அந்த வெற்றிக்கு ஒரு காரணம், பூச்சி பட்டா கேட்கவில்லை என்பது. மிராசுதாரின் நிலம், குத்தகைக்காரரின் நிலம், சர்க்கார் நிலம் எல்லாம் அதற்கு ஒன்றே. காட்டாமணக்குக்கு அப்படியொரு பூச்சி நம்மிடம் இல்லை. கேரளத்திலும் அசாமிலும் தேயிலையையும் காட்டையும் மூடும் மைக்கானியா என்ற அமெரிக்கக் கொடிக்கு எதிராக ஒரு துருப்பூஞ்சையை 2005, 2006 ஆண்டுகளில் விட்டுப் பார்த்தார்கள். அது நம் சூழலில் நிலைக்கவில்லை. ஆகவே எல்லை பாராமல் கடந்து செல்லும் அந்தப் பூச்சியின் வேலையை மனிதர்களே செய்ய வேண்டியிருக்கிறது. மனிதன் எல்லையைக் கடக்க வேண்டுமெனில் ஒன்று ஒப்பந்தம் வேண்டும், அல்லது சட்டம் வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1919ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் பயிர்ப்பூச்சிகளுக்கு மட்டுமானது அன்று. நீர்வழிகளை அடைக்கும் தீய களைகளையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு களையை அரசு அவ்வாறு அறிவித்துவிட்டால், நிலத்தை வைத்திருப்பவர் அதை அகற்றக் கடமைப்பட்டவராகிறார். நூறாண்டுக்கு முந்தைய அரசுக்கு இருந்த தெளிவு இது. வங்காளத்தில் 1936இல் ஆகாயத்தாமரைக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள்.

நம் காலத்தில் நடந்தது என்ன? சீமைக்கருவேலத்தை அகற்றக் கோரி வைகோ தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அடுத்தடுத்து உத்தரவுகள் பிறப்பித்தது. தனியார் நிலங்களும் அவற்றுக்கு விலக்கல்ல. 2017இல் மாவட்டந்தோறும் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. வழக்கு பெரிய அமர்வுக்குப் போயிற்று. 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. வரவேற்கத்தக்கதுதான், ஆனால் அது வனத்துறையின் கொள்கை. காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறது. காட்டுக்கு வெளியே, தோட்டத்துக்கும் ஓடைக்கும் இடையே உள்ள இருபது அடிக் கரையைப் பற்றிக் கவலைப்பட இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

* * *

இங்கே அரசின் பக்கமும் ஒரு சொல். கரையைச் சுத்தம் செய்வதென்றால் ஜேசிபியை இறக்குவது என்றாகிவிட்டது. மதியத்துக்குள் அரைக்கல் தூரம் வெறிச்சோடிவிடும்; படம் எடுத்துக்கொள்ள வசதி. ஆனால் அந்த இரும்புக்கை செய்வதென்ன? காட்டாமணக்கை நூறு துண்டாக நசுக்கி ஈர மண்ணில் பரப்புகிறது. அதாவது நடவு செய்கிறது. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் ஒடிக்கிறது. அடிக்கட்டை ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிறது. கூடவே நாட்டுக் கருவேலம், நொச்சி, புங்கன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. நாட்டுக் கருவேலத்தில்தான் நம் குளத்துக் கொக்குகள் கூடு கட்டும் என்பது வண்டியோட்டிக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெறுங்கரை அடுத்த வெள்ளத்தில் கரைந்து போகும். இரண்டாம் ஆண்டு மறுபடியும் ஒப்பந்தம்.

முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைய வேண்டும் என்றார் வள்ளுவர். பகைத்திறம் தெரிதல் என்ற அதிகாரத்தில் வருவது. முற்றிய பின் வெட்டுவோரின் கையை அது வருத்தும் என்பது அவர் சொன்ன காரணம். ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பது போதாது; முளைக்க முளைக்கப் பிடுங்குவதே களையெடுப்பு. அதை ஜேசிபியால் செய்ய முடியாது. அந்த நிலத்தில் தினமும் கால் வைப்பவரால் மட்டுமே முடியும். ஆகவேதான் பட்டாக்காரரை விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது என்கிறோம்.

* * *

நண்பர்கள் எழுப்பிய, எழுப்பக்கூடிய மறுப்புகள் சிலவற்றுக்கு விடை சொல்வோம்.

“சீமைக்கருவேலம் ஏழையின் அடுப்பு அல்லவா?” இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் உண்டு, உண்மை. அங்கே மாற்று வழி காட்டாமல் வெட்டுவது கொடுமை. நாம் பேசுவது நல்லாற்றுக் கரையை. இங்கே அதை நம்பி அடுப்பெரிக்கும் வீட்டை நண்பர்கள் காட்டட்டும்.

“பறவைகள் அதிலும் கூடு கட்டுகின்றனவே?” கட்டுகின்றன. ஆதலால் குளத்துக்குள் நிற்பவற்றை ஒரே மூச்சில் வெட்டக்கூடாது. நாட்டு மரம் வளர வளரப் படிப்படியாக எடுக்க வேண்டும். கூடு கட்டும் பருவத்தில் தொடவே கூடாது. இது எப்படி அகற்றுவது என்பதற்கான விடை. அகற்றக் கூடாது என்பதற்கான வாதமாகாது.

“சாக்கடையையும் சாயக்கழிவையும் விட்டுவிட்டுச் செடியைப் பிடிப்பதேன்?” நொய்யலைச் சாயம் கெடுத்ததும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாம் மறந்தவையல்ல. சாக்கடைதான் களைக்கு உரம். ஒன்றைத் தடுக்கும்வரை மற்றொன்றைத் தொடக்கூடாது என்றால் இரண்டும் நடக்காது. இந்த வாதத்தைச் சொல்வோர் பெரும்பாலும் இரண்டிலும் இறங்காதவர் என்பது நம் அனுபவம்.

“ஏழை விவசாயி செலவுக்கு எங்கே போவான்?” இதுதான் நேர்மையான கேள்வி. இதற்கு வெளிநாட்டு விடை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1995இல், நீர்த்துறை அமைச்சர் காதர் அஸ்மால் காலத்தில், ஆற்றங்கரைகளிலும் நீர்ப்பிடிப்புகளிலும் மண்டிய அயல்மரங்களை அகற்றும் திட்டம் தொடங்கியது. வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து வெட்டுவித்தார்கள். தனியார் நிலத்திலும் இறங்கினார்கள். முதலில் அரசு உதவும், அதன்பின் மீண்டும் வராமல் காப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு என்பது அங்கே வகுத்த முறை. உள்நாட்டு விடையும் உண்டு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மடையும் வாய்க்காலும் ஆயக்காரர் எல்லோருடைய கடமை என்ற மரபு நமக்கு இருந்தது. வெள்ளையர் 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கி அதன் உயிரைப் போக்கினர். 2017இல் தமிழக அரசு நூறு கோடியில் 1,519 பணிகளோடு அதே பெயரைத் திரும்ப எடுத்தது. பெயர் திரும்பியது, ‘குடி’ திரும்பிற்றா என்பதே நம் கேள்வி.

* * *

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. முதலில் கரையை அளந்து, எது புறம்போக்கு, எது பட்டா என்று கல் நட வேண்டும். களையெடுப்பு மேலிருந்து கீழே வர வேண்டும். அவிநாசியை விட்டுவிட்டு நஞ்சராயன் குளத்தில் தொடங்குவது, கூரை ஒழுக வீட்டைத் துடைப்பது போன்றது. முதல் களையெடுப்புக்கான கூலியை அரசு தரட்டும். நூறுநாள் வேலைக்கு வந்த நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாத வேலையா இது? அதற்கு ஈடாக, அடுத்த மூன்று ஆண்டு முளைப்பதைப் பிடுங்கும் பொறுப்பைப் பட்டாக்காரர் எழுத்தில் ஏற்கட்டும். கோடையில், ஈரம் வற்றியபின், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரைக்கு அப்பால் மேட்டில் குவித்துக் காயவிட வேண்டும். ஒரு துண்டும் ஓடையில் விழக்கூடாது. எடுத்த இடத்தில் அந்த வாரமே நொச்சியும், முதல் மழைக்குப் புங்கனும் நீர்மருதும் வெட்டிவேரும், வேலிக்குக் கிளுவையும் நட வேண்டும். வெறுங்கரையை விட்டால் பழைய விருந்தாளி திரும்பி வருவான். இத்தனைக்கும் பின்னும் மறுப்பவர் இருந்தால், அவருக்கு மட்டும் 1919ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கட்டும்.

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர் அவிநாசி. ஆண்டுகள் பல கழித்து, விழுங்கிய வாயாலேயே முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது என்பது தலபுராணம். நம் ஓடையை விழுங்கிய வாய் அப்படித் தானாகத் திறக்காது. பதிகம் பாடவும் நமக்குத் தகுதியில்லை. வரும் மாசியில், ஈரம் வற்றியதும், எம் நிலத்துக் கீழ்க்கரையில் மறுபடி முளைத்திருப்பதைப் பிடுங்கப் போகிறோம். அன்றைக்கு அந்தத் தோட்டத்துக்காரரையும் போய் அழைக்க இருக்கிறோம். கூட்டத்தில் கைதட்டிய நண்பர்களுக்கும் அழைப்பு உண்டு. மண்வெட்டி நாம் தருகிறோம். கையுறை மட்டும் கொண்டு வாருங்கள்.